கேமராவை லேப்டாப்போடு கட்டிப் படம் எடுக்க எந்த சாஃப்ட்வேர் போடலாம்?



போன மாதம் மயிலத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு பேச்சு பாதியில் நின்றுபோனது. குழுக்கள் செய்யும் பொருட்களைப் படம் எடுக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாமா, அதற்குப் பொது நிதியிலிருந்து வருஷா வருஷம் பணம் கட்டலாமா என்பதுதான் பேச்சு. "கேமரா இருக்குது, லேப்டாப் இருக்குது, அப்புறம் இது எதுக்கு?" என்று ஒரு ஊக்குனர் கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "சாஃப்ட்வேர்னா என்னா பொருளு மேடம், கையில குடுப்பாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. கையில் கொடுக்காத, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பணம் கட்டச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். நேரம் ஆகிவிட்டதால் தீர்மானம் எழுதாமல் தள்ளிவைத்தோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் விஷயம் தெரிந்து வரட்டும் என்று இதை எழுதுகிறோம்.

கட்டிப் படம் எடுப்பது என்றால் என்ன?

சாதாரணமாகக் கேமராவில் எடுக்கிற படம் உள்ளே இருக்கும் மெமரி கார்டில் போய்ச் சேரும். கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில்தான் அதைப் பார்ப்போம். நன்றாக வந்த மாதிரிதான் தெரியும். ஆபீசுக்கு வந்து கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால்தான் படம் ஆடியிருக்கிறது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது என்று தெரியவரும். அதற்குள் பொருளை மூட்டை கட்டி அனுப்பியிருப்போம்.

கேமராவிலிருந்து ஒரு ஒயரை லேப்டாப்பில் சொருகிவிட்டு, பட்டனை அழுத்திய சில நொடியில் படம் பெரிய திரையில் வந்து நிற்கும்படி செய்வதற்கு டெதரிங் என்று பெயர். டெதர் என்ற ஆங்கில வார்த்தைக்கு, ஆட்டையோ மாட்டையோ கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டுவது என்று அர்த்தம். இங்கே கேமராதான் மாடு, லேப்டாப்தான் முளை. பெயர் வைத்தவர் வீட்டில் மாடு இருந்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இது உங்களுக்குப் புதுசும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்ததை நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள், எதிரே ஒரு சின்ன கேமரா, அதிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போனது. படம் சரியாக விழவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லி அந்த சாஃப்ட்வேரே காட்டிக்கொடுக்கும். இன்னொரு விஷயமும் அங்கே உண்டு. பதிவு செய்கிறவர் பார்க்கிற திரை போக, உட்கார்ந்திருக்கிறவர் பக்கம் திருப்பி இன்னொரு திரை வைக்க வேண்டும், பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று அவரே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஆதார் பதிவுக்கான விதி. திரையைப் பார்த்து "எழுத்து தப்பா இருக்குது சார்" என்று அங்கேயே சொன்னவருக்கு அங்கேயே திருத்திக் கொடுத்தார்கள். நம் பக்கம் திருப்பி வைத்த அந்தத் திரையை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாம்பூலப் பை கதை

இது நமக்கு எதற்கு என்று கேட்டால் எங்கள் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குழுக்களில் ஒன்று சணல் பை தைக்கிறது. அவர்களுக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. 200 தாம்பூலப் பை, ஒன்று 60 ரூபாய், ஆக 12,000 ரூபாய். நாங்கள் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அறைக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் அது. பை நல்ல அரக்கு நிறம். அறை இருட்டாக இருந்ததால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டது, படத்தில் பை ரோஸ் நிறத்துக்குப் போய்விட்டது. பெண் வீட்டார் ரோஸ் கலர் பை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பை போய் இறங்கியதும் "இது நாங்க கேட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பேசிப் பேசி பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் குழுவின் கடன் தவணையை உறுப்பினர்கள் கைக்காசு போட்டுக் கட்டினார்கள்.

படம் எடுத்தபோது அந்தப் பையைத் தைத்த அக்கா எங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அரக்கு எது, ரோஸ் எது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் போன் எங்கள் கையில் இருந்தது. நாங்கள் எடுத்தோம், நாங்களே பார்த்தோம், நாங்களே அனுப்பினோம். அவரிடம் காட்டவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையடிவாரத்தில் கடை போட்டால் வாங்குகிறவர் பையைத் தொட்டுப் பார்ப்பார், கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார், வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பார். படம் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. இப்போது நம் மாநிலத்து மகளிர் குழுப் பொருட்களுக்கு மதி சந்தை என்ற இணையதளம் இருக்கிறது. மத்திய அரசின் இ-சரஸ் இருக்கிறது. அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் குழுப் பொருட்களுக்கென்று சரஸ் கலெக்‌ஷன் என்ற பகுதியை 2020 மே மாதம் தொடங்கினார்கள். எதில் போட்டாலும் பொருளுக்கு முன்னால் படம்தான் போய் நிற்கிறது.

லேப்டாப்போடு கட்டி எடுக்கும்போது நடப்பது வேறு. பையை மேஜையில் வைத்து, பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைக்கிறோம். படம் திரையில் வந்ததும் தைத்தவர் பையையும் திரையையும் ஒருசேரப் பார்க்கலாம். "இன்னும் கொஞ்சம் கருப்பா இருக்கணும்", "அந்த மடிப்ப நேராக்கு", "நூல் தொங்குது பாரு" என்று நாலு பேர் நாலு சொல்லலாம். அங்கேயே மாற்றி இன்னொன்று எடுத்துவிடலாம்.

நிறத்துக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. பொருளின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். திரையில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் பொருளின் நிறமும் அதே அளவுக்குக் கெட்டிருக்கிறது. சாஃப்ட்வேரில் ஒயிட் பேலன்ஸ் என்ற இடத்தில் வெயில், நிழல், டியூப்லைட் என்று தேர்வு இருக்கும். அதை மாற்றித் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை பார்க்க வேண்டும், பிறகு தாளை எடுத்துவிட்டு மற்ற படங்களை எடுக்கலாம். லேப்டாப் திரையும் சில நேரம் ஏமாற்றும். நைட் லைட் போட்டிருந்தால் திரையே மஞ்சளாக இருக்கும், அதை நிறுத்திவிட வேண்டும். திரையைச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறும், நேராக உட்கார்ந்து பாருங்கள்.

சாஃப்ட்வேர் என்ன வேலை செய்கிறது?

கேமரா ஒரு பாஷை பேசுகிறது, லேப்டாப் ஒரு பாஷை பேசுகிறது. நடுவில் மொழிபெயர்க்கிற ஆள்தான் சாஃப்ட்வேர். படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது அதன் முதல் வேலை. வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பது, பட்டன் அழுத்துவது ஆகியவற்றை லேப்டாப்பிலிருந்தே செய்ய விடுவது அடுத்த வேலை. வந்த படத்துக்கு ஒரு பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் வைப்பது இன்னொன்று. காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேரில் இதற்கு மேல் படத்தை மெருகேற்றும் வசதிகள் நிறைய இருக்கும். நம் பைக்கும் பாய்க்கும் கடலை மிட்டாய்க்கும் முதல் மூன்றும் இருந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

எந்த சாஃப்ட்வேர் என்று போவதற்கு முன்னால் இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு கடையில் விசாரித்தபோது, பெரிய கம்பெனி சாஃப்ட்வேரையே காப்பி போட்டுத் தருகிறேன், 300 ரூபாய் கொடுத்தால் போதும் என்றார் கடைக்காரர். நாங்களும் மிச்சம்தானே என்று போட்டுக்கொண்டோம். அதைப் போடுவதற்காக லேப்டாப்பில் இருந்த வைரஸ் தடுப்பை நிறுத்தினார். அப்போதே நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரத்தில் லேப்டாப்பில் இருந்த ஃபைல் எதுவும் திறக்கவில்லை. படம் போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதே லேப்டாப்பில்தான் கூட்டமைப்பின் வரவு செலவுக் கணக்கும் இருந்தது. நல்லவேளையாக நம் கணக்காளர் எல்லாவற்றையும் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்ற அவருக்குப் பதினோரு நாள் ஆனது. திருட்டுக் காப்பி சட்டப்படியும் தப்பு, நமக்கு வந்த செலவும் 300 ரூபாயோடு நிற்கவில்லை. இனிமேல் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் தெரியாத எதையும் போடுவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம்.

கேமராவின் பெயரைப் பாருங்கள்

சாஃப்ட்வேரைத் தேடுவதற்கு முன்னால் கேமராவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று அதிலேயே போட்டிருக்கும். பெரிய கேமரா கம்பெனிகள் தங்கள் கேமராவுக்கென்று இந்த வேலைக்கான சாஃப்ட்வேரை இலவசமாகவே தருகிறார்கள். இதைக் கடையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கேனன் கேமரா என்றால் ஈஓஎஸ் யுடிலிட்டி என்று ஒன்று உண்டு. கேனன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சில நேரம் கேமராவின் அடியில் உள்ள சீரியல் நம்பரைக் கேட்கும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டமைப்பிடம் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய கேனன் 1500டி, அதற்கு இது பொருந்துகிறது. எடுப்பதற்கு முன்னாலேயே மேஜையில் இருப்பதைத் திரையில் நேரடியாகக் காட்டும். படத்தை லேப்டாப்பில் மட்டும் வைக்கவா, லேப்டாப்பிலும் கார்டிலும் சேர்த்து வைக்கவா என்று ஒரு இடத்தில் கேட்கும். இரண்டிலும் வை என்றே கொடுங்கள். கரண்டு போனாலும் ஒயர் கழன்றாலும் ஒரு நகல் கார்டில் இருக்கும்.

சோனி கேமராவுக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதற்குக் கேமராவுக்குள் யுஎஸ்பி என்ற இடத்தில் பிசி ரிமோட் என்று மாற்றி வைக்க வேண்டும். மாற்றாமல் சொருகினால் லேப்டாப் கேமராவை ஒரு பென் டிரைவ் மாதிரிதான் பார்க்கும்.

நிகானில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். முன்பெல்லாம் இதற்கு அவர்கள் காசு வாங்கினார்கள். 2021-ல் என்எக்ஸ் டெதர் என்று இலவசமாக ஒன்று கொடுத்தார்கள். ஆனால் எல்லா நிகான் கேமராவுக்கும் அது பொருந்தாது. கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் பழைய விலைக்குத் தள்ளிவிடுகிற டி3500 மாதிரி ஆரம்ப நிலை கேமரா அதன் பட்டியலில் இல்லை. கேமரா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டுப் பிறகு ஒயர் சொருகினால் ஒன்றும் வராது. வாங்குவதற்கு முன்னாலேயே பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கிற பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எந்தக் கம்பெனியையும் சாராத இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்புக்கு டிஜிகேம்கன்ட்ரோல். கேனன், நிகான் கேமராக்கள் பலவற்றுக்கு அது வேலை செய்யும், படத்துக்கு நாம் சொல்கிற மாதிரி பெயரும் போடும். புதிதாக வந்த மாடல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம், நம் கேமராவில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்

2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப் நம் உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் எத்தனையோ கிடக்கிறது. மகள் கல்யாணம் ஆகிப் போயிருப்பாள், லேப்டாப் மட்டும் இங்கே இருக்கும். அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு கூட போஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் நம் நாட்டுக்கென்று உருவாக்கியது அது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி லேப்டாப்பை ஓட்டுகிற அடிப்படை, காசு கிடையாது. பழைய லேப்டாப்பில் புது லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டால் என்டாங்கிள் என்ற சின்ன சாஃப்ட்வேரை அதில் போடலாம். கேமராவை லேப்டாப்போடு கட்டுவதற்கென்றே செய்தது அது. டார்க்டேபிள் என்று இன்னொன்று இருக்கிறது, படத்தைத் திருத்தவும் செய்யலாம். ஆனால் கொஞ்சம் கனமானது, பழைய லேப்டாப்பில் மெதுவாக நகரும். இரண்டுக்கும் உள்ளே ஜிஃபோட்டோ என்ற ஒரே இயந்திரம்தான் ஓடுகிறது. உலகம் முழுவதும் பலர் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. லினக்ஸ் போட்டுத் தரவும், நின்றுபோனால் வந்து பார்க்கவும் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கம்ப்யூட்டர் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். அப்படி ஆள் இல்லாத குழு இதில் இறங்க வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்

கூட்டத்தில் பேச்சு வந்த சாஃப்ட்வேர் அடோபி கம்பெனியின் லைட்ரூம் கிளாசிக். நல்ல சாஃப்ட்வேர்தான், குறை சொல்ல மாட்டோம். ஒரு நாளில் ஆயிரம் படம் எடுத்து, எல்லாவற்றையும் திருத்தி, ஆல்பம் போடுகிற கல்யாண ஸ்டூடியோவுக்கு அது போட்ட காசைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதை ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடியாது. அப்படி விற்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தா நின்றால் பழைய படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் படம் திருத்துகிற பகுதி பூட்டிக்கொள்ளும். மேலும் லேப்டாப்பில் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். நம் பழைய லேப்டாப்பில் இருப்பது 2 ஜிபி, மிஞ்சிப்போனால் 4 ஜிபி. சாஃப்ட்வேருக்குச் சந்தா, அது ஓடுவதற்குப் புது லேப்டாப், ஆக இரண்டு செலவு.

கேப்சர் ஒன் என்று இன்னொன்று உண்டு. கேமராவைக் கட்டி எடுப்பதற்குப் பெரிய விளம்பரப் படக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். விலையும் அந்த அளவுக்குத்தான். சில கேமராக்களுக்கு இதிலேயே ஒரு இலவசப் பதிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2024-ல் அதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி தருகிற இலவசத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காகச் சொல்கிறோம். ஈஓஎஸ் யுடிலிட்டிக்கும் நாளைக்கு அப்படி ஆகலாம். அதனால் படங்களை சாஃப்ட்வேருக்குள் அடைத்து வைக்காமல், சாதாரண ஃபோல்டரில் ஜேபெக் படமாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த லேப்டாப்பிலும் எந்தப் போனிலும் அது திறக்கும்.

சந்தாவை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் உள்ள ஒரு குழு ஆளுக்கு 100 ரூபாய் சேமித்தால் மாதம் 1,200 ரூபாய். சந்தா எவ்வளவு என்று சொல்லும்போது இத்தனை குழுவின் இத்தனை மாதச் சேமிப்பு என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மாதத்துக்கு எத்தனை நாள் படம் எடுக்கப்போகிறோம்? போன வருஷம் முழுக்க நாம் படம் எடுத்தது ஆறு நாள்.

ஒயரில் மாட்டிக்கொண்ட கதை

சாஃப்ட்வேர் சரியில்லை என்று நாங்கள் இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் ஒயர். கேமராவோடு வந்த ஒயர் தொலைந்துபோனதால் கடையில் அதே மாதிரி வாய் உள்ள ஒன்றை வாங்கினோம். அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் படம் போகிற கம்பி உள்ளே இருக்காது. டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும், வாங்கும்போதே அங்கேயே சொருகிப் பார்க்க வேண்டும்.

நீளமும் ரொம்ப வேண்டாம். சாதாரண யுஎஸ்பி ஒயர் 5 மீட்டருக்கு மேல் போனால் சொன்ன பேச்சு கேட்காது. இரண்டு மூன்று மீட்டர் நமக்குத் தாராளம். ஒயரை மேஜைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றித் துணியால் கட்டிவிடுங்கள். குழந்தை ஓடி ஒயர் காலில் மாட்டினால் இழுபடுவது மேஜைக் காலாக இருக்கட்டும், கேமராவாக வேண்டாம். கேமராவில் ஆட்டோ பவர் ஆஃப் என்று ஒன்று இருக்கும், சும்மா இருந்தால் தானே அணைந்துவிடும். அதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொடர்பு அறுந்துபோகும். பேட்டரி சீக்கிரம் தீரும், இன்னொன்று சார்ஜ் போட்டுத் தயாராக இருக்க வேண்டும்.

பெயர் போடாத படம்

எங்கள் லேப்டாப்பில் இருந்த படங்களுக்கெல்லாம் ஐஎம்ஜி 4471, ஐஎம்ஜி 4472 என்றுதான் பெயர். எது எந்தக் குழுவின் பை, என்ன விலை என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியவில்லை. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இப்படிப்பட்ட சுவடிகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எந்தக் கட்டு, எத்தனையாவது ஏடு என்ற எண் இல்லாமல் போனால் அப்புறம் எந்த ஏட்டை எதோடு சேர்ப்பது? நம் பையும் அப்படித்தான். எடுக்க உட்காரும்போதே சாஃப்ட்வேரில் குழுவின் பெயர், பொருள், தேதி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் வருகிற படத்துக்கெல்லாம் அதுவே பெயராக விழும். ஈஓஎஸ் யுடிலிட்டியிலும் டிஜிகேம்கன்ட்ரோலிலும் இந்த வசதி இருக்கிறது.

கேமராவே இல்லாத குழுக்கள் இதைப் படித்துவிட்டு கேமரா வாங்கக் கடன் கேட்டு வர வேண்டாம். நல்ல போன் ஒன்று இருந்தால் போதும். ஸ்க்ர்சிபிஒய் என்று எழுதி, ஸ்க்ரீன் காப்பி என்று கூப்பிடுகிற ஒரு இலவச சாஃப்ட்வேர் ஆண்ட்ராய்டு போனின் திரையை அப்படியே லேப்டாப்பில் காட்டும், சார்ஜ் போடுகிற டேட்டா கேபிளே ஒயராகிவிடும். பெயரை எழுதுவதுதான் கஷ்டம், வேலை சுலபம். போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் தைத்தவரும் திரையில் பார்க்கலாம்.

இனி கூட்டத்துக்கு. எங்கள் யோசனை, கேனன் கேமராவுக்கு ஈஓஎஸ் யுடிலிட்டியையே வைத்துக்கொள்ளலாம், சந்தா எதுவும் கட்ட வேண்டாம் என்பது. பொது நிதியில் ஒதுக்குகிற பணத்தில் ஒரு நல்ல டேட்டா கேபிள், இன்னொரு பேட்டரி, படங்களையும் கணக்கையும் தனியாக நகல் எடுத்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை வாங்கலாம். படத்துக்கு வேறு லேப்டாப், கணக்குக்கு வேறு லேப்டாப் என்று பிரிக்க வேண்டும். எந்தப் படத்தை அனுப்புவது என்பதைப் பொருளைச் செய்த குழுவின் உறுப்பினர் ஒருவர் திரையில் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். சந்தா கட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிற பிரதிநிதிகள் அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுக்கு விடுவோம்.

கூட்டத்தன்று மேஜை போட்டு கேமராவையும் லேப்டாப்பையும் கட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு குழுவும் ஒரு பொருள் கொண்டு வாருங்கள். பரணில் பழைய லேப்டாப் இருந்தால் அதன் சார்ஜரோடு சேர்த்து எடுத்து வாருங்கள், ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம். சணல் பைக் குழு அந்த அரக்குப் பை ஒன்று மீதி இருந்தால் கட்டாயம் கொண்டு வர வேண்டும். முதல் படம் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.